சுவாமிமலை ஏறிய ஐப்பசி

ஏலகிரியில் எங்கே நடக்கலாம் என்று ஆபீசில் யாராவது என்னிடம் கேட்டுவிட்டால், பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். கோடையில் போகாதீர்கள், ஐப்பசியில் போங்கள் என்று ஆரம்பிப்பேன். தீபாவளி முடிந்து, மழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்திருக்கும் சமயம் பார்த்துப் போங்கள். புங்கனூர் ஏரியைச் சுற்றி வருவது கைக்குழந்தையோடும் போகக்கூடிய நடை. நிலாவூரிலிருந்து ஜலகாம்பாறை அருவிக்கு இறங்குவது முழங்காலுக்கு வேலை வைக்கும். மங்களம் கிராமத்திலிருந்து காட்டுக்குள் புகுந்து சுவாமிமலை ஏறுவதுதான் மூன்றிலும் பெரியது. கும்பகோணத்துச் சுவாமிமலை இல்லை, இது ஏலகிரியின் சுவாமிமலை. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் வழியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பங்கள் மலையில் நடப்பதற்கென்று ஊர் விட்டு ஊர் போவது வழக்கமில்லை. எங்கள் வீட்டில் அது வந்தது அப்பாவின் காலால். பகலெல்லாம் தறிக்குழிக்குள் தொங்கி மிதித்துக்கொண்டிருந்த கால்கள் ஒரு வருடம் வீங்கிப்போயின. டாக்டர் தினமும் சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொன்னார். அப்பா அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். வருடம் முழுவதும் நடக்கவேண்டியதை ஐப்பசியில் மூன்று நாளில் நடந்து தீர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் நெருக்கும்; தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. தீபாவளி முடிந்ததும் மழை பிடிக்கும். தறியில் பூட்டிய பாவு நூல் ஈரம் கோத்துக்கொண்டு தறி ஓடாது. அந்த நாட்களில் வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து வாணியம்பாடி போய், அப்புறம் மலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்து, அத்தனாவூரில் ஒரு சின்ன லாட்ஜில் ஒரே ரூம் எடுத்துத் தங்குவோம். முதல் நாள் ஏரி, இரண்டாம் நாள் அருவி, மூன்றாம் நாள் சுவாமிமலை. வரிசை மாறாது.

நான் ஐந்தாவது படித்த வருடம் அத்தையும் எங்களோடு வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்பாவைவிட ரொம்பச் சின்னவள். அப்பா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அம்மாவும் அப்படியே. கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய் ஒன்றரை வருடம் இருக்கும். முந்தின வருடம் தலை தீபாவளிக்கு மாமாவோடு வந்தாள். மாமா எனக்குக் கைகொள்ளாத அளவுக்கு மத்தாப்பு வாங்கிக்கொடுத்தார். என்னைத் தோளில் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை போனார். அவர் போல் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இந்த வருடம் அத்தை புரட்டாசியிலேயே தனியாக வந்துவிட்டாள். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். தீபாவளிக்கும் கிடைக்கவில்லை.

போகும் வழியில் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதை வைத்து நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் மலையை விட்டு இறங்கி ஜோலார்பேட்டை போகவேண்டும். மாமா பெங்களூரிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு வருவார். அத்தையை அங்கேயே அழைத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவைப் பார்க்கலாம், ரயிலையும் பார்க்கலாம். சந்தோஷத்தோடு கவலையும் வந்துவிட்டது. நான் எதற்கும் கவலைப்படுகிற பிள்ளை. பஸ் கிடைக்காவிட்டால்? ரயில் முன்னாலேயே வந்துவிட்டால்? மாமா காத்திருந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பிப்போய்விட்டால்? மலை ஏறுவதற்கு முன்பே நான் மலை இறங்குவதைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.

முதல் நாள் ஏரியைச் சுற்றினோம். அத்தை வேகமாக நடந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் அப்பா டீக்கடையைப் பார்க்க, அவள் நிற்காமல் இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டாள். அதையும் முடித்து மூன்றாவது தொடங்கினாள்.

"கால் வலிக்கலையா அத்த?" என்று கேட்டேன்.

"அங்க நடக்கவே எடமில்ல கண்ணு. ரெண்டு ரூமு. இங்க நடந்தாத்தான் உண்டு" என்றாள்.

பெங்களூர் அவ்வளவு பெரிய ஊர் என்கிறார்களே, அதில் நடக்க இடமில்லையா என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. அவள் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் அருவிக்கு இறங்கினோம். மழை பெய்திருந்ததால் அருவி நிறையக் கொட்டியது. அத்தைக்குத் தண்ணீர் என்றால் உயிர். சின்ன வயதில் தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தபோது பாவாடையோடு குதித்தவள் என்று அப்பாவே சொல்வார். அன்றைக்கு அவள் கரையிலேயே நின்றாள். முழங்கைக்குக் கீழே வரை நீண்ட கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். சாரலில் ஒரு நிமிஷம் நின்றாள், அவ்வளவுதான். நனைந்த ரவிக்கைக் கை பாரமாக இருந்ததோ என்னவோ, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைச் சுருட்டி மேலே ஏற்றிப் பிழிந்தாள். அவள் கையில் வட்டம் வட்டமாகக் கறுப்புத் தழும்புகள் இருந்தன. பழையதும் இருந்தது, புதிதும் இருந்தது.

"இன்னா அத்த இது?"

"அடுப்பு சுட்டுடுச்சு கண்ணு."

நான் நம்பினேன். எங்கள் அம்மாவும் அடிக்கடி சுட்டுக்கொள்கிறவள்தான். அம்மா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து அத்தையின் தோளில் போர்த்திவிட்டு அருவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்து திருப்பத்தூர் வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் அத்தனாவூர் வந்து சேருவதற்குள் எனக்குப் பசிக்கிறது என்று அவளிடம் இரண்டு முறை சொன்னேன். காதில் விழவில்லை.

சாயங்காலம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வெளியே போனாள். எங்கள் அம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக அவர்கள் ரோட்டோரத்தில் நிற்பது தெரிந்தது. அம்மா தன் முழங்கையைத் தொட்டுத் தொட்டு எதையோ காட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ரூமுக்கு வரும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் மட்டும் எனக்குக் கேட்டன.

"நேர்ல ஒருவாட்டி கண்டிச்சு வெக்கறேன். கூட்டிக்கினு வரேன்னு வார்த்த குடுத்துட்டேனே. இப்ப போயி மாத்திப் பேசச் சொல்றியா?"

அம்மா படுக்கப் போகும் முன்பு என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் வாய் கொப்பளிக்க வைத்தாள். பிறகு குனிந்து என் காதருகே சொன்னாள்.

"நாளைக்கு மலயில அத்த கைய விடாத. எங்க போனாலும் கூடவே போ. தெரிஞ்சுதா?"

"ஏம்மா?"

"பாற வழுக்கும்."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இதுவரை எனக்கிருந்தது பஸ்ஸைப் பற்றிய கவலை மட்டும்தான். இப்போது அத்தை வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பாகிவிட்டது. என்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒருத்தியை நான் எப்படித் தாங்கிப் பிடிப்பேன்?

மூன்றாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது அத்தை அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஜோலார்பேட்டைக்கு எப்பண்ணா பஸ்ஸு?"

"அஞ்சுக்கு இருக்குது. அத விட்டா அப்பறம் ஒண்ணும் சரிப்படாது. மலய சீக்கிரம் ஏறிட்டு எறங்கிடணும்."

"அப்பிடியா" என்றாள் அத்தை. டம்ளரைக் கழுவி வைத்தாள்.

மங்களத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது வானம் மூடியிருந்தது. பாதை முதலில் வயல் ஓரமாகப் போய், பிறகு மரங்களுக்குள் நுழைந்து நேராக மேலே ஏறும். முந்தின நாள் மழையில் மண் சொதசொதவென்று இருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, நாலடி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். அப்பா புளிசாதப் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பின்னால் வந்தார். நானும் அத்தையும் முன்னால். நான் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"இப்பிடிப் புடிச்சா நான் எப்பிடி நடக்கறது?"

"அம்மா விடக்கூடாதுன்னு சொல்லியிருக்குது."

அத்தை நின்று என்னைப் பார்த்தாள். பிறகு கீழே, வளைவில் நின்று கல்மேல் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். "உங்கம்மா நல்லவ" என்றாள். அதைச் சொல்வதற்கு அது என்ன சமயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பாதி மலையில் எதிரே ஒரு பெண் தலையில் துடைப்பம் கட்டும் சீமாறுப் புல் கட்டோடு இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்து நின்று, கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, "மேல போறீங்களா? மஞ்சு எறங்கிடுச்சும்மா. மழையும் வரும். கரடி வேற நடமாடிக்கினு இருக்குது. பாத்துட்டு வெரசா எறங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ், பாறை, மழை, இப்போது கரடி. என் உள்ளங்கை வியர்த்து அத்தையின் கை வழுக்கத் தொடங்கியது. நான் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மஞ்சு நிஜமாகவே பனிமூட்டமாக இறங்கியது. பத்தடி தள்ளியிருந்த மரம் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அத்தை நின்றாள்.

"கண்ணு, கைய விடு. ஒதுங்கிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"ஒண்ணுக்குப் போறதுக்குமா கூட வருவ? அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அதற்கு மேல் என்ன சொல்வது? அம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதன் பட்டையில் யாரோ கத்தியால் பெயர்களைச் செதுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். மறுபடியும் படித்தேன். "அத்த" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பினேன். வெள்ளையாக மஞ்சுதான் இருந்தது.

"அத்த! அத்த!"

என் குரல் எங்கேயோ போய் விழுந்தது. ஒரு புதருக்குள் சருகு அசைந்தது. கரடி என்று நினைத்து ஓடினேன், கீழே, வந்த வழியே, சறுக்கிச் சறுக்கி. வளைவில் அம்மாவும் அப்பாவும் வந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தயக் காணம்மா. ஒண்ணுக்குப் போறேன்னு போச்சு. காணம்."

அம்மாவின் முகம் மாறிய மாதிரி நான் அதுவரை ஒரு முகம் மாறிப் பார்த்ததில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. நாலடிக்கு ஒருமுறை நின்றவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஓடத் தொடங்கினாள். அப்பா பையைக் கீழே போட்டார். புளிசாதத் தூக்கு உருண்டு மூடி திறந்து பள்ளத்துக்குள் போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டே அம்மாவின் பின்னால் ஏறினார். அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. பெரியவர்களுக்கும் கரடியென்றால் இவ்வளவு பயமா என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நானும் ஓடினேன்.

மரங்கள் முடிந்து பாறை வந்தது. அங்கே காற்று இருந்ததால் மஞ்சு கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. பாறையின் நடுவில் நட்டுவைத்த சூலம் ஒன்று உண்டு. அதையும் தாண்டி, மலை முடிகிற இடத்தில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி. அவள் முந்தானை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உயிர் வந்தது. "அத்த!" என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் கத்தாதீங்க" என்றாள், மூச்சுக்குள்ளேயே.

கண்டுபிடித்துவிட்டோம், கரடியும் இல்லை, பிறகு ஏன் கூப்பிடக்கூடாது? அம்மா என்னை அப்பாவிடம் தள்ளிவிட்டு, பாறைமேல் வெறுங்காலோடு, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் போவதுபோல் நடந்து போனாள். போய்க்கொண்டே பேசினாள். காய்கறிக்காரியிடம் பேசுகிற குரலில்.

"பாப்பா, பசிக்கலையா உனக்கு? புளிசாதத்த உங்கண்ணன் கீழ போட்டுட்டாரு. போயி பிஸ்கட்டுதான் துன்னணும். இன்னா காத்து பாரு. முட்டி வேற உயிர் போவுது. கொஞ்சம் நகுந்துக்கோ, நானும் ஒக்காந்துக்கறேன்."

அத்தை திரும்பவில்லை. ஆனால் நகர்ந்துகொண்டாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தன் கையை அத்தையின் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் புடவைக் கொசுவத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன்.

அப்பாவும் மெல்லப் பக்கத்தில் போய்க் குந்தினார். தறியில் ஒரு இழை அறுந்தால் இருட்டிலும் கோத்துவிடுகிற கைகள் அவருடையவை. அவை இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் பாறையைத் தடவிக்கொண்டிருந்தன. மூவரும் எழுந்திருப்பதாக இல்லை. எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

"அத்த, பஸ்ஸு போயிடும்."

"போவட்டும்" என்றாள் அத்தை.

பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணா, நான் ஜோலார்பேட்ட வர்ல."

"மொதல்ல எழுந்து இந்தப் பக்கம் வாம்மா."

"நீ சொல்லு. அப்பறம் வரேன்."

தூறல் விழ ஆரம்பித்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "வார்த்த குடுத்துட்டனே பாப்பா. மாப்ள ரயில் ஏறியிருப்பாரு. நாலு பேருக்கு நான் இன்னான்னு பதில் சொல்லுவேன்?"

அம்மா அதுவரை வைத்திருந்த காய்கறிக்காரிக் குரல் அங்கே அறுந்துவிட்டது.

"அப்ப அந்த வார்த்தய எடுத்துக்கினு நீங்களே போயி அந்தாளோட குடித்தனம் பண்ணுங்க! நானும் புள்ளையும் பாப்பாவும் காஞ்சிபுரம் போறோம்!"

எங்கள் அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அத்தையின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மீசையோடு புடவை கட்டிக்கொண்டு பெங்களூரில் குடித்தனம் பண்ணுவதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாக மாறி, ரொம்ப நேரம் நிற்கவில்லை. அம்மா கொசுவத்தை விடவேயில்லை.

"சரி. போவல" என்றார் அப்பா. யாரிடமோ சொல்வதுபோல் இன்னொரு முறையும் சொன்னார். "போவல பாப்பா. எழுந்திரு."

நாங்கள் நனைந்துகொண்டே இறங்கினோம். இந்த முறை அத்தையின் ஒரு கை அம்மாவிடமும் இன்னொரு கை அப்பாவிடமும் இருந்தது. என் கவலையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் பின்னால் வந்தேன். ஐந்து மணி பஸ் அத்தனாவூரை விட்டுப் போகும்போது அதன் பின்பக்கத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

மாமாவின் போன் இருட்டத் தொடங்கும்போது வந்தது. லாட்ஜுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. அப்பா பட்டன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். மாமாவோடு நானும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று பின்னாலேயே போய் நின்றேன். போனிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்படி ஒரு குரலை, அப்படிப்பட்ட வார்த்தைகளை நான் கேட்டதில்லை. மாமாவின் போனை யாரோ பிடுங்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பாவம், மாமா எங்கே இருக்கிறாரோ என்று பயமாக இருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "பாப்பா வரமாட்டா. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல" என்று மட்டும் சொன்னார். மறுபக்கத்துக் குரல் நான் மேலே வருகிறேன் என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்று ரூமில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கெட்டை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். வளைவில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் வெளிச்சம் ஜன்னலில் விழுந்து சுவரில் ஓடும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அப்பா எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். ஒரே வண்டிக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். அது வந்துவிடக்கூடாதே என்று அவர்கள், வரவேண்டுமே என்று நான். அத்தை மட்டும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்படி எல்லோரையும் கவலைப்பட வைத்துவிட்டுத் தூங்குகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

மாமா வரவில்லை. பின்னால் கோர்ட்டு வரைக்கும் போய், எல்லாம் முடிய நாலைந்து வருடம் ஆனது. அந்த வருடங்களில் அப்பாவிடம் நாலு பேர் கேட்கத்தான் கேட்டார்கள். அவர் ஏதோ பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அத்தை இப்போது காஞ்சிபுரத்திலேயே செவிலிமேட்டில் தனியாக வீடு எடுத்து, கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்ப்ராய்டரி வேலை செய்து கொடுக்கிறாள். ஐப்பசியில் ஒருமுறையாவது நானும் அவளும் ஏலகிரி போவோம். போன வருடம் அந்தப் பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோது தைரியமாகக் கேட்டேவிட்டேன், அன்றைக்கு எதற்காக அங்கே வந்து உட்கார்ந்தாய் என்று.

"பஸ்ஸு போவட்டும்னுதான். அஞ்சு மணி வரைக்கும் என்னை யாரும் கண்டுபுடிக்கக்கூடாதுன்னு வந்து ஒக்காந்தேன். கால் வலி, தொங்கப்போட்டேன். உங்கம்மாதான் இன்னான்னவோ நெனச்சுக்கிச்சு" என்றாள்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவ அப்பிடித்தான் சொல்லுவா" என்றாள். இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் அப்படிக் காத்திருந்த ராத்திரிக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினோம். அடிவாரத்தில் பொன்னேரி கூட்ரோட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்கவேண்டும். மழை விட்டு வெயில் அடித்தது. அப்பா ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்து நின்ற ஒவ்வொரு ஆட்டோவிலிருந்தும் இறங்குகிறவர்களை அம்மா உற்றுப் பார்த்தாள். முதலில் ஜோலார்பேட்டை பஸ் வந்தது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. ஜன்னல் சீட்டெல்லாம் காலி. கண்டக்டர் எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஜோலார்பேட்டையா? ஏறுங்க, ஏறுங்க" என்று கூப்பிட்டார். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. மாமா ராத்திரி ஸ்டேஷனிலேயே தங்கியிருக்கலாம். நான் படியில் ஒரு காலை வைத்தேவிட்டேன். அப்பா என் தோளைப் பிடித்து இறக்கினார்.

"நாங்க வரலைங்க" என்றார் கண்டக்டரிடம். அவ்வளவு பெரிய குரலில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

பஸ் போய்விட்டது. அதன் பின்னால் வந்த வாணியம்பாடி பஸ்ஸில் படிவரைக்கும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் முண்டியடித்து ஏறினோம். என் முகம் யாரோ ஒருவரின் கோழிக்கூடையில் இடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவின் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. அத்தை கம்பியைப் பிடிக்கக் கை எட்டாமல், யார்மேலோ சாய்ந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் சாய்ந்தாள். ஜனங்களுக்கு மேலாக மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு அத்தை, அப்புறம் அப்பா. உட்கார இடமிருந்த பஸ்ஸைப் போகவிட்டு, நிற்கவும் இடமில்லாத பஸ்ஸில் ஏறியதற்காக ஒரு குடும்பம் இவ்வளவு சந்தோஷப்படுமா என்று, கோழிக்கூடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் அவர்களை ஆத்திரத்தோடு பார்த்துக்கொண்டே வந்தேன்.